எழுந்தமானம்

ஆய்வும் ஆயத்தமுமின்றிக் கூறப்படுவதை ஈழத்தார் "எழுந்தமானமாகக் கூறியது" என்பர். உள்ளத்தில் எழுந்தவாறே உரைத்தது என்பது கருத்து. புள்ளிவிபரவியலின் 'எழுமாற்று மாதிரி' இதற்கு உறவுபோல ஒலிப்பினும், அங்குள்ள தற்செயல் திட்டமிட்டு அமைக்கப்படுவது, யாவருக்கும் சமவாய்ப்பளிப்பது. எழுந்தமானப் பேச்சோ யாரோ ஒருவர்மீதே சென்று விழும்.

வழக்கினை நோக்குமிடத்து, இச்சொல் பெரும்பாலும் பிறரைக் கண்டிக்கவே பயன்படுகின்றது. தன் கூற்றுக்கு விளக்கம் கேட்கப்படின் மனிதன், "வாய்தவறி வந்துவிட்டது" என்பான். குற்றம் வாயினுடையதாகிறது, பேசியவன் தப்பிவிடுகிறான்.

இது ஏற்புடையதா? ஆயத்தமின்மை மட்டும் குற்றமாகாது. மட்டக்களப்பு வாவியில், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குச் செல்லும் மிதவையைப் 'பாதை' என்பர். அதற்குக் காத்திருப்போர் மழையையும் வேளாண்மையையும் பற்றி ஆயத்தஞ் செய்தா பேசுவர்? அத்தகைய பேச்சின்றி ஊரே இல்லை. ஆனால், அவ்விடத்திலேயே ஒருவனது நாணயத்தைப் பற்றி உதிர்க்கப்படும் அரைச்சொல், அவன் அதனை மறுக்க வரும்போது ஊரறிந்த செய்தியாகியிருக்கும். சிந்திக்க அவகாசம் இருக்கவில்லை என்பது இங்கு விடையாகாது. பேசாதிருக்க அவகாசம் வேண்டியதில்லையே!

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் கப்புகனார் வாயைத் துணியாற் கட்டி, மந்திரமின்றிப் பூசை செய்வார். தூய்மை கருதிய ஆசாரம் அது. ஆயினும் ஒழுக்கவியல் பயில்வோன் பிறிதொன்றையுங் காணலாம்: கட்டப்படுவது வாய், கட்டுவது அவ்வாய்க்குரியவரின் கை. அப்பூசையைத் தரிசித்து மீள்வோரும் வாய்மீது பழிபோடுவது வியப்பே.