சாட்சி எங்கே நிற்பது?

திருத்தணிகை மலையடிவாரத்தில் நின்று, மேலே கோயில் விளக்குத் தெரியவில்லையென்று முறையிடுகிறவன், விளக்கு அணைந்ததா, இடையில் மேகம் கவிந்ததா, தன் கண்ணே மங்கியதா என்று விசாரித்த பிறகன்றோ மலையைக் குறைகூறலாம்? இணையதளம் திறக்காதபோது, வேறொரு கைப்பேசியில், வேறொரு இணைப்பில் பார்த்து, பெயரை எண்முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் விடை தருகிறதா என்றும் சோதித்து, அதன்பின்னரே சர்வர்மீது பழிசுமத்தும் பணியாளனும் இந்த விவேகத்தையே கைக்கொள்கிறான். புகையைக் கண்டு மலையில் நெருப்புண்டென்று துணிந்த நியாய சாஸ்திரிகளின் அனுமானத்துக்கு அவனும் வாரிசே.

ஆயினும், அறியும் கருவியாகிய பிரமாணமே பழுதுபட்டால் யாது செய்வது? 2017 பிப்ரவரி 28 அன்று, ஊழியர் ஒருவர் கட்டளையொன்றைப் பிழையாக இட்டதால், அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை வட விர்ஜீனியாவில் சுமார் நான்கு மணிநேரம் ஸ்தம்பித்தது. சேவைகளின் நிலையை உலகுக்கு அறிவிக்கும் பலகையும் அதே எஸ்3-ஐ ஆதாரமாகக் கொண்டிருந்தமையால், திருத்த வழியின்றி ஏறக்குறைய இரண்டு மணிநேரம் எல்லாம் நலமென்னும் பச்சைக் குறியையே காட்டி நின்றது.

காணப்படும் பொருளோடு தானும் வீழ்வது சாட்சியாகாது. மனமும் அத்தகைய பலகையே; சினமுற்ற மனம் தன் சினத்தை நியாயமென்றே சாதிக்கும். சூரனை வென்ற முருகன் சினம் தணிந்த தலமென்று போற்றப்படும் திருத்தணிகை மலையின் 365 படிகளில் ஏறுகிற பக்தன், மனத்தைச் சாராது நின்று மனத்தைக் காணும் ஓர் அறிவை நாடியே ஏறுகிறான் போலும்.