ஒண்ணும் ஆகாது!

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்கிறது பழமொழி. நல்ல பழமொழிதான். ஆனால், காலை விடாமல் ஆழத்தைத் தெரிந்துகொள்வது எப்படி? அதை மட்டும் பழமொழி சொல்லவில்லை.

பார்த்தாலே தெரியாதா என்பீர்கள். தெரியாது. தெளிந்த தண்ணீரை மேலிருந்து பார்த்தால் ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரியும். ஒளி வளைவதால் வருகிற கோளாறு. ப்ளஸ் டூ பிசிக்ஸில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். ஆறடி ஆழம் நாலரை அடி மாதிரி இருக்கும். ஐந்தரை அடி உயர ஆசாமி 'கழுத்துகூட முங்காது' என்று நம்பி இறங்குவார். கலங்கிய தண்ணீர் பரவாயில்லை. 'எனக்குள்ளே என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

இன்னொரு சிக்கல், 'தண்ணி எப்படி இருக்கு?' என்பது ஒரு கேள்வியே இல்லை. மூன்று கேள்விகள். காவிரியில் புதுத் தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். மீன் பிடிப்பவருக்குக் கொண்டாட்டம். மீன்கள் எதிரேறி வரும். பரிசல்காரர் வேகத்தையும் சுழலையும் பார்ப்பார். நீந்துபவருக்கோ, அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் உயிர்ப் பிரச்னை. போன வருஷம் முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இந்த வருஷம் மணல் அள்ளிய பள்ளம் இருக்கலாம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது நம்மைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழத் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். ஆக, மீன்காரர் 'இன்னிக்குத் தண்ணி ஜோர்' என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் இல்லை.

சரி, உள்ளூர்க்காரர் சொன்னால் நம்பலாமா? பெரும்பாலும் நம்பலாம். ஆனால், அணைகள் வந்த பிறகு ஆற்றின் குணம் மாறிவிட்டது. ஒகேனக்கல்லில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். எங்கோ குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையால் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி, அங்கே திறந்துவிட்ட தண்ணீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி வந்துகொண்டிருக்கும். வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணித்த தாத்தாவின் அனுபவம் இங்கே பாதிதான் உதவும். மீதிப் பாதி 'வினாடிக்கு இத்தனை கன அடி' என்று பேப்பரில் வருகிற எண்ணில் இருக்கிறது.

2014 ஜூன் 8-ம் தேதி, இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆறு. ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா போன இன்ஜினீயரிங் மாணவர்கள் பாறைகளில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டது. 24 மாணவர்களும் உடன் வந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவரும் போய்விட்டார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஆறு, இறங்கி நிற்கக்கூடிய ஆறுதான். அவர்களைக் கொன்ற ஆறு அப்போது அங்கே வந்து சேரவில்லை.

இங்கேதான் அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 'ஒண்ணும் ஆகாது!' நம் ஊரில் இதைச் சொல்லாத மாமா இல்லை, சித்தப்பா இல்லை. மனசாரத்தான் சொல்கிறார்கள். மனசாரச் சொன்னால் போதுமா?

போதாது என்றார் கிளிஃபோர்ட். இங்கிலாந்துக் கணித மேதை. 1877-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. ரிப்பேர் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று அவருக்கே சந்தேகம். ஆனால், 'எத்தனையோ தடவை போய்த் திரும்பி வந்த கப்பல்தானே' என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறார். நிஜமாகவே நம்பியும்விடுகிறார். கப்பல் பயணிகளோடு மூழ்குகிறது. அவர் குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபோர்ட். நம்பியது உண்மை; ஆனால், அப்படி நம்பும் உரிமையை அவர் சம்பாதிக்கவில்லை. அடுத்து ஒன்று சொல்கிறார், அதுதான் தூக்கிவாரிப் போடும். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான்!

யோசித்துப் பாருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஊரே கொதித்தது. ஆனால், அளவுக்கு மேல் ஆளேற்றி, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போய், பத்திரமாகத் திரும்பிய படகுகள் எத்தனை? அவற்றை ஓட்டியவர்களை நாம் கெட்டிக்காரர்கள் என்றோம். டிப்ஸ்கூடக் கொடுத்தோம். 'இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லை' என்பது அதிர்ஷ்டத்தின் கணக்கு. பாதுகாப்பின் கணக்கு அல்ல.

பி.காம். முதல் வருஷத்திலேயே ஒரு கொள்கை சொல்லித் தருவார்கள். வராத லாபத்தைக் கணக்கில் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. பெட்டிக்கடைப் பேரேட்டுக்கே இவ்வளவு ஜாக்கிரதை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கும்போது மட்டும் கணக்கைத் தலைகீழாக எழுதுகிறோம்.

'இப்படிப் பார்த்தால் யாருமே தண்ணீரில் கால் வைக்க முடியாதே, சார்' என்று கேட்கலாம். நியாயம்தான். தினமும் ஏரிக்குப் போகும் மீனவர் நூறு சதவிகித நிச்சயத்தோடா போகிறார்? இல்லை. ஆனால், அவர் தினமும் பார்க்கிறார், விசாரிக்கிறார். கணிப்பு தப்பினால் முதலில் போவது அவர் உயிர். அந்த நம்பிக்கை அவர் சம்பாதித்தது. கரையில் நின்று 'இறங்குடா, ஒண்ணும் ஆகாது' என்று அடுத்தவன் உயிரைப் பணயம் வைப்பவர் எதைச் சம்பாதித்தார்?

இந்தக் கேள்வியை 'இறங்காதே' என்பவரிடமும் கேட்க வேண்டும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து ஏறினால் நிர்வாகம் பரிசலை நிறுத்துகிறது. நிறுத்தத்தான் வேண்டும். ஆனால், அந்த நாட்களில் பரிசல்காரர் வீட்டு அடுப்பைப் பற்றியும் யாராவது கவலைப்பட வேண்டும். தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்து, தடையை நீக்க வேண்டும். 'எதற்கு வம்பு' என்று தடையை அப்படியே விட்டுவைப்பதும் ஆற்றைப் பார்க்காமல் சொன்ன தீர்ப்புதான். என்ன, அந்தத் தப்புக்குப் போவது கூலி. இந்தத் தப்புக்குப் போவது உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

தனியாகப் போகிறீர்களா? உங்கள் துணிச்சல், உங்கள் பாடு. ஆனால், உங்களை நம்பி நாலு பேர் வந்தால், 'ஒண்ணும் ஆகாது' என்பது உங்கள் சொந்த அபிப்பிராயம் அல்ல. நீங்கள் எழுதிக் கொடுக்கிற ஜாமீன்.

அதனால், அடுத்த ஆடிப்பெருக்குக்கு யாராவது அப்படிச் சொன்னால் மரியாதையாகவே கேளுங்கள்: 'எப்படித் தெரியும், மாமா?'

பதில் வந்தால் இறங்குங்கள். முறைப்பு வந்தால், கரையிலேயே உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிடுங்கள். அங்கிருந்து பார்த்தாலும் காவிரி அழகுதான்.