அன்றாட அன்னமும் அவன் கதையும்





"கேட்ட கதைதானே, மறுபடியும் கேட்பானேன்?" என்று உபந்நியாஸப் பந்தலை விட்டு எழுந்து செல்வோர் உண்டு. அவர்களை ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நேற்று உண்டதும் அன்னம். இன்று உண்பதும் அன்னம். "நேற்றே உண்டேனே" என்று யாரேனும் இலையை விட்டு எழுந்ததுண்டோ? பசி நாள்தோறும் புதிது. ஆகையால் அன்னமும் நாள்தோறும் புதிது. ஆத்மாவின் பசியும் அத்தகையதே.

அடுக்களையில் ஒரு முறை உண்டு. உலை வைத்து, அரிசி களைந்து இட்டு, கொதி வந்தபின் பதம் பார்த்து இறக்குகிறோம். சரணாகதிக் கதைகளுக்கும் அவ்வாறே ஒரு முறை உண்டு. ஆபத்து வருகிறது, தன் பலம் தளர்கிறது, உற்றார் துணையும் பயன்படாது போகிறது, "நீயே கதி" என்ற குரல் எழுகிறது, எம்பெருமான் காக்கிறான். மடுவில் முதலையின் வாயில் அகப்பட்ட கஜேந்திரனின் கதை இது. கௌரவர் சபையில் நின்ற திரௌபதியின் கதையும் இதுவே. மூவுலகும் சுற்றி, புகலேதும் காணாமல், ஸ்ரீராமபிரான் திருவடியிலேயே வந்து விழுந்த காகாசுரனின் கதையும் இதுவே.

முறை ஒன்றாயினும் பக்குவமாகும் காலம் ஒன்றன்று. கஜேந்திரன் ஆயிரம் ஆண்டுகள் போராடியதாக ஸ்ரீபாகவதம் கூறும். திரௌபதிக்கோ சில கணங்களே ஆயின. ஈர விறகு நெடுநேரம் புகையும். உலர்ந்த விறகு உடனே பற்றும். "என்னால் ஆகும்" என்னும் எண்ணமே அந்த ஈரம். யானைக்குத் தன் உடல் வலிமையில் இருந்த நம்பிக்கை வற்றக் காலம் பிடித்தது. திரௌபதியோ சேலையைப் பற்றியிருந்த கைகளையும் விட்டுத் தலைமேல் கூப்பினாள் என்பர் பெரியோர்.

சமைப்பவர் உண்பவரை அறிந்து பரிமாறுவர். குழந்தைக்குக் குழைந்த பருப்புச் சாதம். நோயாளிக்கு மிளகு ரஸம். கதை சொல்வோரும் அங்ஙனமே. கரதூஷணரின் 14,000 அரக்கரை இராமன் தனியனாய் எதிர்த்தான் என்று கேட்ட குலசேகரப் பெருமாள், துணை செய்யத் தம் சேனையுடன் புறப்பட்டுவிட்டாராம். கதை சொன்னவர் விரைந்து, இராமன் வென்றதைக் கூறி அவரைத் தேற்றினார் என்பது குருபரம்பரை வரலாறு. பொங்கும் பாலுக்கு நீர் தெளித்தாற்போன்றது அது.

அக்காரவடிசில் திருவிழாவுக்கு உரியது. உடலை வளர்ப்பதோ அன்றாடச் சோறு. அதுபோல் பகவத் கதையையும் உத்ஸவத்தின் பத்து நாட்களுக்கென ஒதுக்கிவிடலாகாது. நிலா முற்றத்தில் சோறு பிசைந்து உருட்டிக் கையில் வைத்த பாட்டிமார், கூடவே துருவனையும் பிரஹ்லாதனையும் ஊட்டினர். வாயும் செவியும் ஒருங்கே நிறைந்தன. இன்று பல இல்லங்களில் அடுப்பு எரிகிறது; கதை அணைந்துவிட்டது. செவிப் பசியோடு உறங்கும் குழந்தைகள் எத்தனை பேரோ!

"எனக்குச் சுவைபடச் சொல்லத் தெரியாதே" என்று தயங்கும் தாய்மார்கள், கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகரை நினைத்துக்கொள்ள வேண்டும். பூமிப்பிராட்டியை மகளாய் வளர்த்த மார்க்கண்டேய மகரிஷி, "என் மகள் சிறியவள், உப்பிட்டுச் சமைக்கவும் அறியாள்" என்று மணம் செய்து கொடுக்கத் தயங்கினார். "உப்பில்லாவிடினும் ஏற்போம்" என்று அருளினான் எம்பெருமான். இன்றும் அத்திருக்கோயிலில் அவனுக்கு அமுது செய்விப்பது உப்பில்லாத தளிகையே. உப்பில்லா அன்னத்தை உவந்து ஏற்றவன், அலங்காரமில்லாச் சொல்லை ஒதுக்குவானோ?

ஊர் திரும்புகையில் பிரஸாதத்தை இலையில் மடித்து எடுத்துச் செல்கிறோம். அத்துடன் இங்கே கேட்ட கதை ஒன்றையும் நெஞ்சில் முடிந்துகொள்வோம். வீடு சேர்ந்த இரவே, சோற்றுத் தட்டின் முன் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அதனைச் சொல்வோம். மறுநாள் அது "அந்தக் கதையையே சொல்லு" என்று கேட்குமாயின், உலை கொதிக்கத் தொடங்கிவிட்டது என்று அறிவோமாக.