பழுதுபார்க்கும் கைகளைத் தேடி வரும் ஆண்டவர்



இன்றைய நற்செய்தியில் (மாற்கு 1:14-20) ஆண்டவர் கலிலேயக் கடலோரம் நடந்து போகிறார். சீமோனும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி, செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். மீன் பிடிக்கிறவர்களை அழைத்த அதே ஆண்டவர் கிழிசலைத் தைக்கிறவர்களையும் அழைத்தார். பழுதுபார்க்கும் வேலை அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

அந்தச் சகோதரர்களுக்குப் படகும் வலையும் பிழைப்பு. நம் பங்கில் பலருக்குப் பிழைப்பு ஒரு பழைய கப்சாய் மோட்டாரில் ஓடுகிறது. தவணை கட்டி முடித்துப் பல வருடமான இ.எக்ஸ்.5, மொடெனாஸ் கிரிஸ். விடியுமுன் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் காவல் வேலைக்குப் போகிறவர்களும், கொட்டும் மழையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு சேர்க்கிற பிள்ளைகளும் அதை நம்பித்தான் வாழ்கிறார்கள். பெரிய பட்டறைக் கூலி கட்டுப்படியாகாததால் வீட்டு வாசலிலேயே ஸ்பேனரை எடுக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த நம் முன்னோர் பலர் இரும்போடும் எண்ணெயோடும் உழைத்து நம்மை வளர்த்தவர்கள். நாசரேத்தில் ஆண்டவரும் தச்சராகவே அறியப்பட்டார். தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் சுற்றுமடல் எழுதினார். பழைய வண்டியைப் பேணி ஓட்டுகிறவர் அந்தப் போதனையைக் கையால் கடைப்பிடிக்கிறார்.

ஆனால் ஒன்றை இன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் ஒரு கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும்; வைக்காமல் யாராவது விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரரைச் சேரும். வீடு உங்களுடையது, அதில் நடமாடுகிறவரின் உயிர் கடவுளுடையது. மோட்டாரின் பிரேக்கும் அப்படித்தான். பின்னால் உங்கள் மனைவி இருக்கிறார். முன்னால் உங்கள் மகன் இருக்கிறான். ஜாலான் துன் சம்பந்தனில் கைத்தடியோடு சாலையைக் கடக்கும் பார்வையற்ற சகோதரர் இருக்கிறார். அந்த பிரேக் பிடிக்கும் என்று இவர்கள் அத்தனை பேரும் நம்புகிறார்கள்.

இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் 10 பேரில் 6 பேருக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள். 1970களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனிப்பாதை அமைத்த நாடு இது. அந்தப் பாதை லாரியிடமிருந்து நம்மைக் காக்கும். தேய்ந்துபோன நம் பிரேக்கிலிருந்து காக்காது.

ஆகவே கைவைத்தால் ஒழுங்காகக் கைவையுங்கள். செயினை மாற்றினால் முன்னும் பின்னும் உள்ள ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். செயின் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். திறந்த முனை முன்னே இருந்தால் ஓட்டத்தில் கழன்றுவிடலாம். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் அச்சு நட்டை நன்றாக இறுக்கி, பிரேக் கம்பியையும் சரிபார்த்த பிறகே ஏறி உட்காருங்கள். டயரில் வரி மறைந்துவிட்டால், கிள்ளான் பள்ளத்தாக்கின் சாயங்கால மழைக்கு அது தாங்காது. "இந்த மாசம் மட்டும் ஓட்டிக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதும் தாழ்ச்சிதான். அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுங்கள். உழைப்பவரின் கூலி கடவுளுக்கு முன் பேசும்.

நம் உள்ளமும் இந்தப் பழைய மோட்டாரைப் போன்றதுதான். முதலில் ஒரு சின்னச் சத்தம் வரும். ஒரு பொய், வீட்டில் உயர்த்திய ஒரு குரல், நாள்கணக்கில் பேசாமல் விட்ட ஒரு தம்பி. கேட்டுப் பழகிவிட்டால் அந்தச் சத்தம் காதில் விழாது. பிறகு ஒருநாள் நடுச்சாலையில் எல்லாம் அறுந்து நிற்கும். சத்தம் கேட்கும்போதே ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். ஆண்டவர் நம்மைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளுகிறவர் அல்லர். மும்முறை மறுதலித்த பேதுருவையே சரிசெய்து தம் மந்தையை ஒப்படைத்தவர் அவர்.

இறுதியாக, அன்பியங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஒரு சனிக்கிழமை மாலை ஒன்றுகூடி, அன்பியத்தில் உள்ள மோட்டார்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்று பாராமல், கற்றுக்கொடுங்கள். டயர் வாங்க வசதியில்லாதவர் இருந்தால் அவரைப் பலர் முன்னால் கூச்சப்படுத்தாமல், எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுங்கள். பூசை முடிந்து இன்று வீடு திரும்புமுன் டயரையும் பிரேக்கையும் பின்விளக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிறருடைய உயிரைக் காப்பது அன்புக் கட்டளையின் ஒரு பகுதி. அதைச் செய்து முடிக்கும் மனதையும் கைத்திறனையும் ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.