உலகப் போக்கும் ஒரு நாட்டின் பொறுப்பும்

ஒரு நாட்டின் நவீன வரலாற்றை அந்நாட்டின் எல்லைக்குள் மட்டும் நின்று விளங்கிக்கொள்ள முடியாது. அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் மனனஞ் செய்வதே சரித்திரப் படிப்பெனக் கொண்ட நிலையிலிருந்து விலகி, சந்தை, மூலதனம், யுத்தம், குடியேற்ற ஆட்சி என்பனவற்றின் துணைகொண்டு எமது நாட்டை நோக்கக் கற்றிருக்கின்றோம். இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் இம்முன்னேற்றத்தோடு தார்மிகச் சிக்கலொன்றும் வந்து சேர்ந்துள்ளது. யாவற்றையும் உலகப் போக்கே தீர்மானிக்கின்றதெனின், நடந்தவற்றுக்கு இந்நாட்டில் எவர்தாம் பொறுப்பாளி?

மலையகத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. பின்வந்த ஆண்டுகளிற் கோப்பித் தொழில் அழிய, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கோப்பிக் காலத்திற் பருவத்துக்கு வந்து திரும்பிய தென்னிந்தியத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலையோடு குடும்பங் குடும்பமாக மலைநாட்டிலே நிலைகொண்டனர். செடியைத் தாக்கிய நோயும், பிரித்தானிய மூலதனமும், அந்நாட்டு மக்களின் தேநீர்ப் பழக்கமும் சேர்ந்து ஒரு மக்கட் கூட்டத்தின் தலைவிதியை எழுதின. இதுவரை உலகப் போக்கே பேசிற்று எனலாம்.

ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இலண்டன் தேயிலைச் சந்தையில் இயற்றப்பட்டதன்று. அது கொழும்பில், சுதந்திரம் பெற்ற ஒன்பது மாதங்களுக்குள், எமது பாராளுமன்றத்தில் இயற்றப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. அவ்வெற்றிக்கு அடிப்படையாயிருந்த தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலானோர் முதலிற் பிரசாவுரிமையையும், 1949இல் வாக்குரிமையையும் இழந்தனர். தொழிலாளரை இங்கு கொண்டுவந்தது உலக முதலாளித்துவம். அவர்களை நாடற்றவராக்கியது இந்நாட்டு ஆளும் வர்க்கம். இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்துள் அடக்கி, 'வரலாற்றின் விளைவு' என்று சொல்லிவிடுவது வரலாறாகாது. அது குற்றத்தை மறைக்கும் போர்வையாகும்.

இங்கு ஒரு வினா எழும். அன்றைய ஆட்சியாளர் தமது வர்க்க நலனுக்குக் கட்டுப்பட்டவரன்றோ? வேறு விதமாக நடக்க அவர்களால் இயன்றிருக்குமா? இவ்வினாவுக்கு விடைகாண எளிய அளவுகோல் ஒன்றுண்டு. அதே காலத்தில், அதே மன்றத்தில், அதே செய்திகளை அறிந்திருந்தவர்களுள் மறுத்துரைத்தோர் இருந்தனரா என்று பார்த்தல் வேண்டும். 1948இல் இடதுசாரிகள் அச்சட்டத்தை எதிர்த்தனர். அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்போது தமிழ்க் காங்கிரஸே பிளவுண்டு, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. மாற்று வழி ஒன்று கண்முன்னே இருந்தது. அதனை அறிந்தே ஒதுக்கியவர் பொறுப்பினின்றும் தப்ப முடியாது.

அளவுகோல் எவர்க்கும் ஒன்றே. 1964இல் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் வகை செய்தது. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. அவ்வேளை ஆட்சியில் இருந்த அமைச்சரவையில் சமசமாஜக் கட்சியினரும் அமர்ந்திருந்தனர். எம் அணியினர் என்பதற்காக இதனைச் சரித்திரப் பாடத்தில் மறைப்போமாயின், பிறரைக் குற்றஞ்சாட்டும் உரிமையை நாம் இழந்துவிடுவோம்.

உலகப் போக்கின் நடுவேயும் தெரிவுக்கு இடமுண்டு என்பதை 1952, 1953 ஆகிய ஈராண்டுகளும் நன்கு காட்டுகின்றன. கொரிய யுத்தகாலத்தில் உயர்ந்த இறப்பர் விலை பின்னர் சரிந்தது. அரிசி விலையோ ஏறிற்று. இரண்டும் எமது கையில் இருக்கவில்லை. ஆயினும் கம்யூனிச எதிர்ப்பைக் கொள்கையாகக் கொண்ட அதே ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம், அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது, 1952 டிசம்பரில் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் செய்தது. அதே அரசாங்கமே 1953 ஜூலையிற் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. நெருக்கடி வெளியிலிருந்து வந்தது. அதன் சுமையை ஏழையின் உலைப்பானையில் ஏற்றுவதென்ற முடிவு உள்ளே எடுக்கப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் மூலம் மக்கள் தமது விடையைக் கூறினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இவை பழங்கதைகளல்ல. 2022 ஏப்ரலில் நாடு தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை இடைநிறுத்தியபோது, கொள்ளைநோயும் உக்ரேன் யுத்தமும் காரணங்களாகக் காட்டப்பட்டன. அவையும் காரணங்களே. ஆனால் 2019இன் இறுதியில் வரிகளைக் குறைத்ததும், 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்ததும் கொழும்பில் எடுக்கப்பட்ட முடிவுகள். எச்சரித்தவர்கள் அன்றே எச்சரித்தனர். பொருளாதார நெருக்கடிக்கு வழிவகுத்து மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என, முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்ட ஆட்சியாளர் சிலர்மீது 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே நவீன வரலாற்றைக் கற்பிக்கும்போதும் கற்கும்போதும் நாம் இரு வினாக்களைச் சேர்த்தே எழுப்புதல் வேண்டும். வெளியிலிருந்து எது வந்தது? அதன் சுமையை எவர் எவர்மேல் ஏற்றினர்? முதல் வினாவை விடுத்தால் வரலாறு தனிமனிதர் புகழ்பாடலாகவோ வசையாகவோ சுருங்கும். இரண்டாவதை விடுத்தால் அது விதிக்கொள்கையின் புதிய வடிவமாகும். 'எல்லாம் தலையெழுத்து' என்ற பழைய சொல்லை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் 'எல்லாம் உலகப் போக்கு' என்று எழுதிவைப்பதனால் மாணவருக்கு விடுதலை கிட்டாது. மாற்றத்தை விரும்புவோருக்கு அறிவும் வேண்டும், பொறுப்பும் வேண்டும்.