சாவி யாரிடம்?

கொடுத்த பிறகும் கையை எடுக்காமல் இருந்தால், அதற்குப் பெயர் கொடுத்ததா?

எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக மாலை நேர டியூஷன் ஒன்றை ஆரம்பித்து, ஆறு வருஷம் நடத்தினேன். அங்கேயே படித்து வளர்ந்த நாலு பேர், "இனிமே நாங்க பாத்துக்கறோம் சார்" என்றார்கள். சந்தோஷமாக ஒப்படைத்தேன். பீரோ சாவியை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். சாக்பீஸ் தீர்ந்தால்கூட என் வாசலில் வந்து நிற்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "எங்களை நம்பிப் பிள்ளைங்களையே குடுத்துட்டீங்க. சாக்பீஸைக் குடுக்க ஏன் சார் யோசிக்கறீங்க?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாவியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆப்பிரிக்கர் நினைவுக்கு வருகிறார். பெயர், சாமுவேல் அஜாயி க்ரௌதர். இன்றைய நைஜீரியாவில் பிறந்தவர். 1821-ல், சிறுவனாக இருந்தபோது அடிமை பிடிப்பவர்களிடம் சிக்கினார். மறுவருஷம் பிரிட்டிஷ் கடற்படை அவரைக் கப்பலிலிருந்து மீட்டு, சியரா லியோனில் இறக்கிவிட்டது. படித்தார், பாதிரியாரானார், யொரூபா மொழியில் பைபிளைக் கொண்டுவரப் பாடுபட்டார்.

அப்போது லண்டனில் சர்ச் மிஷனரி சொசைட்டியின் செயலாளராக இருந்தவர் ஹென்றி வென். நம் பாளையங்கோட்டை வட்டாரத்தில் பள்ளிக்கூடங்கள் கட்டிய அதே சொசைட்டிதான். அவருடைய கொள்கை விசித்திரமானது. ஒரு மிஷனின் வெற்றி எது? அது தேவையில்லாமல் போவதுதான்! உள்ளூர்த் திருச்சபை தன் செலவைத் தானே பார்த்து, தன்னைத் தானே ஆண்டு, தானே வளர வேண்டும். கட்டடம் எழும்பியதும் கொத்தனார் சாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற மாதிரி.

சொன்னதோடு நிற்கவில்லை. வென் முன்னின்று முயன்றதால், 1864-ல் கேன்டர்பரி பேராலயத்தில் க்ரௌதர் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப். நைஜர் நதிக்கரையில் ஆப்பிரிக்கர்களை வைத்தே அவர் வேலையை நடத்தினார்.

வென் 1873-ல் இறந்துபோனார். அப்புறம் காற்று மாறியது. நைஜர் மிஷனில் குறைகள் இருந்தன. சில ஊழியர்கள் மேல் புகார்கள் வந்தன, அவற்றில் உண்மையும் இருந்தது. இங்கிலாந்திலிருந்து இளம் மிஷனரிகள் வந்து விசாரித்தார்கள். 1890-ல், எண்பது வயதை ஒட்டிய அந்தக் கிழவரின் எதிர்ப்பை மீறி, அவருடைய ஊழியர்கள் பலரை விலக்கினார்கள். நொந்துபோன க்ரௌதர் கமிட்டியிலிருந்து விலகினார். 1891-ன் கடைசி நாளில் கண்ணை மூடினார். அவர் இடத்துக்கு அடுத்து வந்தவர் ஓர் ஆங்கிலேயர்.

'தப்பு நடந்தது, தலையிட்டார்கள். இதில் என்ன தப்பு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். வெள்ளைக்கார மிஷனரி ஒருவர் தப்பு செய்தபோது, 'இங்கிலாந்துக்காரர்களுக்குத் தலைமை தாங்கவே வராது' என்று யாராவது முடிவு கட்டினார்களா? ஒருவர் செய்தால் அது அந்த ஆளின் தப்பு. இன்னொருவர் செய்தால் அது அவர் இனத்தின் தப்பு. சாவியைத் திரும்பப் பிடுங்க இதைவிடச் சுலபமான சாக்கு வேறு இல்லை.

இருபது வருஷம் கழித்து, 1910-ல், எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா. தியாகத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, 'எங்களுக்கு நண்பர்கள் வேண்டும்' என்ற கருத்தைச் சபைக்கு நடுவே எடுத்து வைத்தார். கேட்டவர்களில் பலருக்கு முகம் சுருங்கியது. உயிரையே கொடுக்க வந்தவர்களைப் பார்த்து, 'சமமாக உட்காருங்கள்' என்றால் சும்மாவா! இரண்டு வருஷத்தில், 1912-ல், அசரியா தோர்ணக்கல்லின் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் பிஷப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

உயிரைக் கொடுப்பதைவிட நாற்காலியைக் கொடுப்பது கஷ்டம் என்பதுதான் இதில் எனக்குக் கிடைத்த பாடம். உயிரைக் கொடுக்கும்போது நான் பெரியவன் ஆகிறேன். நாற்காலியைக் கொடுத்தால் சாதாரண ஆள் ஆகிவிடுகிறேனே!

கொடுத்தவர்களும் உண்டு. 1795-ல் தொடங்கிய லண்டன் மிஷனரி சொசைட்டி, பெயரும் உருவமும் மாறி, 1977-ல் தன் அதிகாரத்தைப் பங்கு போட்டது. பணம் அனுப்பிய சபையும் வாங்கிய சபையும் ஒரே மேஜையில், சம உறுப்பினர்களாக உட்கார்ந்தன. நம் தென்னிந்தியத் திருச்சபையும் அதில் ஒன்று. 2012-ல் தலைமையகமே லண்டனை விட்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டது.

'பல பேர் கூடினால் பாம்பும் சாகாது சார்' என்பீர்கள். உண்மைதான். கூட்டுத் தலைமையில் முடிவு தாமதமாகும், சண்டை வரும், பொறுப்பைத் தட்டிக்கழிப்பார்கள். அதனால் கணக்குக் கேட்க வேண்டும். ஆனால் எல்லோரும் எல்லோரையும் கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டும், மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டும் இருந்தால் அது கூட்டு இல்லை, முதலாளியும் வேலைக்காரர்களும்தான்.

2014-ல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி, க்ரௌதருக்கு இழைத்த அநியாயத்துக்காகத் திருச்சபையின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். க்ரௌதர் பிஷப்பான அதே பேராலயத்தில்தான் கேட்டார். நல்ல காரியம். என்ன, க்ரௌதர் இறந்து 120 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம் என்று மறுநாள் காலையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு கேட்டாள்: "டூப்ளிகேட் சாவி சார்?"

இருந்தது. அதையும் கொடுத்தேன்.

உங்களிடம் எத்தனை இருக்கிறது?