பிள்ளைக்காகப் பிடித்த இடம்

பெற்றோர் தம் மக்களுக்காகச் சேர்த்து வைப்பன பல. சிலர் நிலம் சேர்ப்பர். சிலர் பொன் சேர்ப்பர். ஏதுமில்லாதார் கல்வியையேனும் கொடுத்துவிடப் பாடுபடுவர். இவை நாம் அறிந்தவை. ஆனால் அமெரிக்க நாட்டின் மேற்கு மாநிலங்களில், வேட்டைப் பழக்கமுள்ள தந்தையர் சிலர் தம் மக்களுக்காகச் சேர்த்து வைக்கும் ஒன்று நமக்குப் புதுமையானது. அது நிலமுமன்று, பொன்னுமன்று. காத்திருப்பையே அவர்கள் சேர்த்து வைக்கின்றனர். துப்பாக்கியைத் தூக்கவும் வலுவில்லாத சிறுவனின் பெயரில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, அவன் என்றோ ஒரு நாள் மான் வேட்டைக்குச் செல்வதற்கான வரிசையில் இப்போதே அவனுக்கு இடம் பிடித்து விடுகின்றனர்.

இஃது அன்பா, பேராசையா? முன்னறிவா, பிறர் உரிமையில் கைவைப்பதா? இவ்வினா வேட்டைக்காரர்க்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளைப் பெற்றோர் அனைவர்க்கும் உரியது. ஆதலின் இதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் அம்முறை தோன்றிய காரணத்தைத் தெரிந்துகொள்வது நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் காட்டு விலங்குகள் வரைமுறையின்றிக் கொன்று குவிக்கப்பட்டன. கோடிக்கணக்கில் மேய்ந்து திரிந்த காட்டெருமைகள், அந்நூற்றாண்டு முடியுமுன் ஏறத்தாழ ஆயிரம் என்னும் அளவுக்குக் குறுகின. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரத்து விலங்குக்காட்சிச் சாலையில் மடிந்தது. இவ்விழப்புகளைக் கண்டபின், காட்டு விலங்கு தனியொருவரின் உடைமையன்று, மக்கள் அனைவரின் பொதுச்சொத்து, அரசு அதன் காப்பாளரே என்னும் கொள்கை அங்கே வேரூன்றியது. நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஓதி வளர்ந்த நமக்கு இக்கொள்கை அந்நியமானதன்று.

பொதுச்சொத்தைப் பங்கிடுவது எளிதன்று. சிறந்த வேட்டைப் பகுதிகளில் எத்தனை விலங்குகளை வேட்டையாடலாம் என்பதை மாநில வனவிலங்குத் துறை கணக்கிட்டு, அதற்கேற்பவே அனுமதிச் சீட்டுகளை வழங்குகின்றது. எல்க் எனப்படும் பெருமானுக்கும், மலைச்செம்மறிக்கும், மூஸ் எனப்படும் பேருருவ மானுக்கும் சீட்டுகள் சிலவே, கேட்போரோ பலர். ஆகவே குலுக்கல் ஏற்பட்டது. குலுக்கலில் ஆண்டாண்டாகத் தோற்றவர் மனம் சலிப்பாரன்றோ? அவருக்கு ஆறுதலாக, தோற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி வழங்கும் முறை பல மாநிலங்களில் வந்தது. வயோமிங் மாநிலத்தில் வெளியூரார்க்குரிய எல்க் சீட்டுகளில் 75 விழுக்காட்டை மிகுந்த புள்ளியுடையோருக்கு ஒதுக்கி, 25 விழுக்காட்டைப் புள்ளி பாராத குலுக்கலுக்கு விட்டனர். நெவாடாவில் ஒருவருடைய புள்ளியை அதே எண்ணால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவர். 10 புள்ளி உடையவரின் பெயர் 101 முறை குலுக்கலில் விழும். நியூ மெக்சிகோ புள்ளி முறையையே ஏற்கவில்லை.

குலுக்கலில் கலந்துகொள்ளாமலே கட்டணம் செலுத்திப் புள்ளியை மட்டும் வாங்கிக்கொள்ளவும் பல இடங்களில் வழியுண்டு. இவ்வழியேதான் பிள்ளைகள் உள்ளே வருகின்றனர். பெருவிலங்கு வேட்டைக்குக் கொலராடோவிலும் வயோமிங்கிலும் 12 வயது நிரம்பியிருக்க வேண்டும், அரிசோனாவில் 10. ஆயினும் வேட்டை வயது வருமுன்பே புள்ளி சேர்க்க இடம் தரும் மாநிலங்களும் உண்டு. தந்தை கணக்கிடுகின்றார்: "நான் நாற்பது வயதில் தொடங்கினேன், என் முறை வருவதற்குள் முழங்கால் தேய்ந்துவிட்டது. என் மகனுக்கு அந்நிலை வேண்டா."

இக்கணக்கைக் குற்றம் என்று கூற நாம் விரையவில்லை. நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தம் செல்வம் முழுவதையும் அறம் செய்துவிட விரும்பியபோது, மூன்றில் ஒரு பங்கே மிகுதி என்று தடுத்த நாயகம் (ஸல்) அவர்கள், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதினும் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்று உணர்த்தினார்கள். பிள்ளையின் நாளையை எண்ணுவது மார்க்கத்திற்கு முரணன்று. அன்றியும் அக்கட்டணங்கள் அங்கே காட்டையும் விலங்கையும் காக்கப் பெரிதும் பயன்படுகின்றன. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் பெறும் வரியும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்பணிக்கே செல்கின்றது. தந்தை பிறர் பொருளைத் திருடவில்லை; விதிக்கு உட்பட்டே நடக்கின்றார்.

ஆனால் விதிக்கு உட்பட்டது யாவும் நீதிக்கு உட்பட்டதாகிவிடுமா?

புள்ளி என்பது யாது? ஒருவர் விரும்பினார், கேட்டார், கிடைக்கவில்லை, மீண்டும் காத்திருந்தார். அந்த ஏமாற்றத்திற்கும் பொறுமைக்கும் சமுதாயம் கொடுக்கும் ஈடே புள்ளியாகும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எதனை விரும்பியது? எதற்கு ஏமாந்தது? காத்திருந்தவர் தந்தை; பொறுமையின் கூலியோ மகன் பெயரில் வரவாகின்றது. அதே ஊரில், தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் இருக்கலாம். பதினைந்து வயதில் தானே விரும்பி, தானே பொருள் சேர்த்து அவன் வரிசைக்கு வருகின்றான். அவனுக்கு முன்னே, இன்னும் விரும்பக்கூடக் கற்றுக்கொள்ளாத பிள்ளைகள் நிற்கின்றனர். அநாதையின் உரிமையை இவ்வளவு வலியுறுத்திய மார்க்கத்தைச் சார்ந்த நாம், அவன் முகத்தைப் பாராமல் இவ்வினாவுக்கு விடை கூற இயலாது.

குலுக்கலின் பெருமை இங்கேதான் விளங்குகின்றது. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று வழக்கு எழுந்தபோது, எழுதுகோல்களை எறிந்து முடிவு கண்ட செய்தியைத் திருமறை கூறுகின்றது. சீட்டுக்குக் கண்ணில்லை; யார் மகன் என்று அது கேளாது. வரிசைக்கோ கண்ணுண்டு, முன்னே வந்தவனை அது மதிக்கும். இரண்டிலும் ஒவ்வொரு நீதி உண்டு. ஆனால் வராதவனை வந்தவனாகக் கொள்ளும்போது வரிசை தன் நீதியை இழந்துவிடுகின்றது.

இதில் மற்றொரு கேடும் உண்டு. ஓரிடத்தில் ஆண்டுக்குப் பத்துச் சீட்டுகள் என்றும், ஆண்டுதோறும் நூறு பேர் புதிதாகச் சேர்கின்றனர் என்றும், மூத்தவர்க்கே முதலிடம் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாண்டில் சேர்ந்த நூறு பேர்க்குச் சீட்டுக் கொடுத்து முடிக்கவே பத்தாண்டு ஆகும். அந்தப் பத்தாம் ஆண்டில் சேர்ந்த குழந்தைகளுக்கு முறை தொடங்குவதோ 91ஆம் ஆண்டில்! தேவையான புள்ளி ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போவதை அந்நாட்டு வேட்டைக்காரர்கள் உண்மையிலேயே கண்டு வருந்துகின்றனர். ஒரு தந்தை முந்தினால் அவர் மகனுக்கு நன்மை. எல்லாத் தந்தையரும் முந்தினால் எவர் மகனுக்கும் நன்மையில்லை. வரிசை மட்டுமே நீள்கின்றது. தனித்தனியே பார்த்தால் ஒருவரும் தவறு செய்யவில்லை. ஒன்றாகப் பார்த்தால் அனைவரும் இழந்திருக்கின்றனர்.

இனி, அப்பிள்ளையின் பக்கம் நின்று பார்ப்போம். நிலமும் பொன்னும் எவ்விருப்பத்திற்கும் உதவும். மகன் மருத்துவம் பயிலலாம், வாணிபம் செய்யலாம், அறமும் செய்யலாம். புள்ளியோ ஒரே விருப்பத்திற்குத்தான் உதவும். பொதுவாக அதனை விற்கவும் இயலாது. பிறர்க்குக் கொடுக்கவும் இயலாது. வயோமிங்கில் தொடர்ந்து ஈராண்டு கவனியாது விட்டால் சேர்த்த புள்ளிகள் அனைத்தும் அழிந்துபோகும். பதினெட்டு வயதில் அம்மகன், "வாப்பா, எனக்கு வேட்டையில் மனமில்லை" என்று நம் வீட்டுப் பிள்ளையைப்போலக் கூறினால், தந்தையின் முகம் எவ்வாறு மாறும்? பன்னிரண்டு ஆண்டுக் கட்டணம், பன்னிரண்டு ஆண்டுக் கனவு இரண்டும் அவன் முன்னே கடன்பத்திரமாக விரிக்கப்படுமா? கொடை கடனாக மாறும் இடம் இதுவே.

நாயகம் (ஸல்) அவர்களின் அவையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. பருகக் கொண்டுவந்த பானத்தில் அவர்கள் பருகியபின் எஞ்சியது இருந்தது. வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியோர். வலப்பக்கத்தார்க்கே முதல் உரிமை. முதியோர்க்கு முதலில் கொடுக்க அனுமதிப்பாயா என்று அச்சிறுவரிடமே நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் சிறுவர். பானம் அவர் கையிலேயே வைக்கப்பட்டது. உலகிற்கு வழிகாட்ட வந்தவர், சிறுவர் ஒருவரின் முறையை அவர் சம்மதமின்றி மாற்றவில்லை! அவ்வாறே, அறுத்துப் பலியிடக் கனவில் கட்டளை பெற்ற இப்ராஹீம் (அலை) அவர்களும், மகனிடம் அதனைக் கூறி, உன் கருத்து யாது என்று வினவியதைத் திருமறை எடுத்துரைக்கின்றது. இறைக்கட்டளைக்கே மகனின் எண்ணம் கேட்கப்பட்டதென்றால், வேட்டைச் சீட்டுக்குக் கேட்கலாகாதா?

இவ்விருவர்க்கும் அப்பால் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அது மலையில் மேயும் அந்த விலங்கு. உணவுக்காக வேட்டையாடுவதை நம் மார்க்கம் அனுமதித்துள்ளது. ஆயினும் வேட்டையின் பின்னே சுற்றுவோன் கவனமற்றவனாகிவிடுவான் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் விலங்கை வரவிட்டு, இஹ்ராம் உடுத்தியோரை இறைவன் சோதிப்பதையும் 'அல்மாயிதா' அத்தியாயம் கூறுகின்றது. வேட்டையில் சோதனை, கொல்வதில் மட்டும் இல்லை. கொல்லாமல் திரும்பும் ஆற்றலிலும் இருக்கின்றது. இருபது ஆண்டு காத்துப் பெற்ற சீட்டோடு மலையேறும் இளைஞனுக்கு அந்த ஆற்றல் எளிதில் வாய்க்குமா? "என் தந்தை இத்தனை ஆண்டு கட்டியிருக்கின்றார், வெறுங்கையோடு எவ்வாறு திரும்புவேன்?" என்னும் எண்ணம் அவன் விரலை விசையின்மேல் அழுத்தும். அவன் கண்ணுக்கு எதிரே நிற்பது இறைவன் படைத்த உயிராகத் தோன்றாது. தனக்கு வரவேண்டிய பாக்கியாகத் தோன்றும்.

இவை தொலைதூரத்துச் செய்திகள் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. இந்திய ஹஜ் குழு வழியாகப் பயணம் செய்வோர்க்கு இடம் குறைவு, விண்ணப்பம் மிகுதி. அங்கும் குலுக்கலே. மூன்று ஆண்டு தொடர்ந்து கேட்டும் கிடைக்காதவர்க்கு நான்காம் முறை குலுக்கலின்றி இடம் தரும் ஏற்பாடு முன்னர் இருந்தது. 2018ஆம் ஆண்டின் ஹஜ் கொள்கையில் அது கைவிடப்பட்டது. காத்திருந்தோர் வருந்தினர், வழக்கும் நடந்தது. காத்திருப்புக்கு மதிப்புண்டா, அனைவர்க்கும் ஒரே வாய்ப்பா என்னும் அதே வினா நம் வாசலுக்கும் வந்து சென்றதன்றோ?

வணக்கத்தில் இறைவன் நமக்குக் காட்டிய எல்லையொன்று உண்டு. ஒரு பெண்மணி தம் குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என்று கேட்டார். ஆம், உமக்கும் நற்கூலி உண்டு என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஆயினும் அக்குழந்தை வளர்ந்து பருவமடைந்து, வசதியும் பெற்றால், தன் கடமையான ஹஜ்ஜைத் தானே நிறைவேற்ற வேண்டும் என்பது மார்க்க அறிஞர்களின் முடிவு. பெற்றோரின் அன்புக்குக் கூலி உண்டு. ஆனால் அந்த அன்பு பிள்ளையின் நிய்யத்துக்கு ஈடாகாது. ஒருவருக்காக மற்றொருவர் இடம் பிடிக்கலாம். விருப்பத்தைப் பிடித்து வைத்தல் இயலாது.

ஆகவே அத்தந்தையரை நோக்கியும், நம்மை நோக்கியும் நாம் கூறுவது இதுவே. பிள்ளைக்காகப் பிடித்த இடத்தை அமானிதமாகக் கருதுக. அறிவு வந்த நாளில் அவனிடம் ஒப்படைத்து, வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், செலவைச் சொல்லிக் காட்டாமல் விட்டுவிடுங்கள். அவனுக்குப் பின்னே நிற்கும் அநாதைச் சிறுவன் ஓரடி முன்னேறட்டும். வேண்டும் என்றால், வேட்டையாடக் கற்பிக்குமுன், வெறுங்கையோடு திரும்பி வந்து அல்ஹம்துலில்லாஹ் என்று கூறும் மனத்தைக் கற்பியுங்கள். அதனைக் கற்ற பிள்ளை வரிசையில் எங்கே நின்றாலும் ஏழையாகமாட்டான்.